தோற்பதற்காக உயிர்ப்பித்த கழகம்

என் கணவருடைய ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் வரலாறு எனக்கு மனப்பாடம். நான் விரும்பிப் படித்ததில்லை. கலியாணம் முடித்த நாள் முதலாக ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டதால் ஏறியது.

அவர் ஜோர்ஜியாக்காரர். இதைச் சொன்னதும் எங்கள் ஆட்கள் அமெரிக்காவில் இருக்கும் ஜோர்ஜியாவை நினைத்துக்கொள்வார்கள். அம்மாவும் முதலில் அப்படித்தான் நினைத்தார். கருங்கடலுக்குப் பக்கத்தில், முன்னர் சோவியத் ஒன்றியத்துக்குள் இருந்த ஒரு சின்ன நாடு என்று நான் விளங்கப்படுத்தியதும் அவருடைய முகம் விழுந்துவிட்டது.

"அங்கையும் சண்டைதானே? சண்டைக்கு ஓடி வந்த ஆக்கள் எங்களுக்குள்ளையே கனபேர் இருக்கினம். நீ ஏன் பிள்ளை உவ்வளவு தூரம் போய்த் தேடினனி?"

நான் எங்கும் தேடிப் போகவில்லை. இங்கே கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பாண் தொழிற்சாலையில் நான் பொதி செய்யும் பகுதியில் நின்றேன். அவர் பாரந்தூக்கி வண்டி ஓட்டினார். அவருடைய மூக்கு நடுவில் உடைந்து இடப்பக்கம் சாய்ந்திருக்கும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மூக்குக்கு என்ன நடந்தது என்று கேட்டுவிட்டேன். அன்றைக்கு மணி அடிக்கும்வரை அவர் நிறுத்தவில்லை. நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம், இன்றைக்கும் அப்படித்தான். அவர் சொன்னவற்றை இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

அவருடைய ஊர் மேற்கு ஜோர்ஜியாவில், மழை ஓயாத பக்கம். ஊரைச் சுற்றித் தேயிலை. அந்தத் தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள்தான் கழகத்தைத் தொடங்கினார்கள். கொழுந்து ஏற்றும் லொறியில் ஏறி அடுத்த ஊர்களுக்கு விளையாடப் போனார்கள். சொந்த மைதானத்தில் ஆட்டம் இருந்தால் தொழிற்சாலைச் சங்கு ஒருதரம் கூடுதலாக ஊதும். சோவியத் காலத்தில் அது கீழ்மட்டக் கழகம், பெரிய நகரங்களில் அதை யாருக்கும் தெரியாது. பிறகு ஜோர்ஜியா பிரிந்து தனக்கென்று ஒரு லீக் தொடங்கியபோது ஒரே இரவில் முதற்பிரிவுக் கழகமாகிவிட்டது. உழைப்பைக் குறிக்கும் பழைய பெயரை எடுத்துவிட்டு ஓர் அரசனின் பெயரை வைத்தார்கள். என் கணவர் அப்போது இருபது வயதுக்குள். பின்னுக்கு இடப்பக்கம் நின்று மறிக்கிற ஆள்.

முதற்பிரிவுக்கு ஏறிய கையோடு நாடு குழம்பியது. மின்சாரம் இல்லை. தேயிலை வாங்க ஆள் இல்லை. தொழிற்சாலை இயந்திரங்களைப் பிரித்து இரும்புக்கு விற்றார்கள். குளிர்காலத்தில் சனங்கள் மைதானத்தில் இருந்து பார்க்கிற மர வாங்குகளைக் கழற்றிக்கொண்டு போய் எரித்தார்கள். அதை அவர் குறையாகச் சொல்வதில்லை. "என்ரை அம்மாவும் ஒண்டு கொண்டு வந்தவ. நல்லாய் எரிஞ்சது" என்பார். வாங்குகள் இல்லாத மைதானத்தில் சனங்கள் நின்றபடி பார்த்தார்கள். வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் வழியில் துவக்கோடு நின்றவர்கள் பஸ்ஸை மறித்து, எல்லாரையும் இறக்கிவிட்டுப் பஸ்ஸைக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு ஆட்டக்காரர்கள் நடந்தே ஊருக்குத் திரும்பினார்கள். விளையாடுவதற்குக் கூலியாகப் போஞ்சி விதையும் மாவும் கிடைத்தன.

அந்தக் காலத்தில் ஒரு பருவத்தின் கடைசி ஆட்டம். சமநிலையில் முடிந்தாலே கழகம் முதற்பிரிவில் நிற்கும், தோற்றால் கீழே. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் எதிரணியின் முன்வரிசைக்காரன் தனியே உள்ளே வந்தான். கோல் கீப்பர் வெளியே ஓடி விழுந்துவிட்டான். கோல் கோட்டில் நின்றவர் என் கணவர் மட்டும். பந்து அவருடைய முகத்தில் பட்டுத் திரும்பியது. மூக்கு உடைந்தது. ஊர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு தேவாலயம் வரையும் போனது.

இதைத்தான் பாண் தொழிற்சாலையில் முதல்முதல் எனக்குச் சொன்னார். அந்த மூக்கில்தான் நான் விழுந்தேன் என்று தோழிகளுக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

எங்கள் கலியாணத்துக்கு என் பக்கத்தில் வந்தவர்கள் குறைவு. அம்மா வந்தார், அழுதார், சாப்பிடவில்லை. மாமாமார் பக்கத்தில் மல்வேர்னில் இருந்துகொண்டே வரவில்லை. முழுச் சந்தோஷத்தோடு வந்து நின்றவன் என் தம்பி. அப்பா ஊரிலேயே, சண்டையில் செல் விழுந்து செத்துப்போனார். தம்பி ரொறன்ரோவுக்கு வரும்போது பள்ளிக்கூடம் தொடங்காத வயது. அம்மா இரண்டு வேலைக்குப் போனதால் அவனை வளர்த்தது நான்தான். கலியாணத்துக்கு முன்பே என் கணவரும் அவனும் எங்கள் டவுன்ஹவுஸுக்குப் பின்னால் இருக்கும் புல்லில் பந்து அடிப்பார்கள். "அத்தான், அத்தான்" என்று அவன் இவரைச் சுற்றியே திரிவான். இவருக்கு வந்த தமிழ் முழுக்க அவனிடமிருந்து வந்தது. "மச்சான், பந்தை விடு, ஆளைப் பார்" என்று யாழ்ப்பாணத் தமிழில் ஒரு ஜோர்ஜியாக்காரர் கத்துவதைக் கேட்டு அயல் வீட்டுக்காரர்கள் யன்னலைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் பிறக்கவில்லை. அந்த இடத்தில் தம்பி இருந்தான்.

இவர் இங்கே வந்த பிறகு கழகம் இறங்கிக்கொண்டே போனது. இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு. அரசனின் பெயரை எடுத்துவிட்டு ஒரு பெற்றோல் கம்பனியின் பெயரை வைத்தார்கள், கம்பனி போனதும் பழையபடி அரசன் வந்தான். கடைசியில் தலைநகரில் இருந்து வந்த ஒரு முதலாளி, லீக்கில் கழகத்துக்கு இருந்த இடத்தை மட்டும் வாங்கித் தன் ஊருக்குக் கொண்டுபோனான். மைதானத்தில் மாடு கட்டினார்கள். ஊரில் இருந்து படம் வந்தது. இவர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாடு நல்ல மாடு" என்று மட்டும் சொன்னார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை இவருடைய போன் அடித்தது. அழைத்தது, அந்தக் கடைசி ஆட்டத்தில் வெளியே ஓடி விழுந்த அதே கோல் கீப்பர். இப்போது பயிற்றுநர். வெளிநாட்டில் இருந்து ஒரு முதலாளி வந்திருக்கிறாராம், கழகத்தைத் திரும்பத் தொடங்குகிறார்களாம், பழைய பெயர், பழைய நிறம், மூன்றாம் பிரிவு. பெடியளுக்குச் சப்பாத்து இல்லை, உன்னால் ஏதும் முடியுமா என்று கேட்டாராம்.

அந்தக் கோடை முழுவதும் எங்கள் வீடு சப்பாத்துக் கடையாகக் கிடந்தது. ஸ்காபரோவில் பிள்ளைகள் விளையாடும் மைதானம் ஒன்றையும் இவர் விடவில்லை. வெக்ஸ்போர்ட்டில், அஜின்கோர்ட்டில், தாய் தகப்பன்மாரிடம் போய் நின்று, பிள்ளைக்கு அளவில்லாமல் போன சப்பாத்து இருக்கிறதா என்று கேட்டார். எங்கள் யாழ்ப்பாணத்து ஊர்க் கழகங்களின் ரொறன்ரோக் கிளைகளிடமும் கேட்டார். தம்பி தன் கூரியர் வானில் சாக்குச் சாக்காக ஏற்றி வந்து இறக்கினான். நான் குளியல் தொட்டியில் போட்டு, பழைய பல்துலக்கியால் மண்ணைத் தேய்த்துக் கழுவினேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, "சாமி கும்பிடுற வீட்டிலை ஊரார்ரை சப்பாத்தே?" என்று கேட்டார். கேட்டவர் பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு நாடாக்களைச் சோடி சேர்த்துக் கட்டினார். கப்பலில் அனுப்பினோம்.

அதற்குப் பிறகுதான் சனிக்கிழமைகள் வந்தன. அங்கே பின்னேர ஆட்டம் இங்கே காலை. ஒரு மூன்றாம் பிரிவு ஆட்டத்தை இணையத்தில் நேரடியாகக் காட்டினார்கள். மைதானத்தில் நிற்பவர்களை எண்ணிவிடலாம், அப்படியும் காட்டினார்கள். என் கணவர் அதை நாடு முன்னேறியதன் அடையாளமாக எடுத்துக்கொண்டார். லப்ரொப்பை ரிவியில் கொழுவி, பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி சுட்டு, எட்டு மணிக்கே உட்கார்ந்துவிடுவார். தம்பி மல்வேர்னில் இருந்து வந்துவிடுவான். இருவரும் கத்துகிற கத்தில் மேல்மாடியில் எனக்கு நித்திரை இல்லை. ஆனாலும் அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. வேலையும் பனியுமாய் ஓடிய எங்கள் வாழ்க்கையில் கொஞ்சம் திருவிழா மாதிரி.

அந்தக் காலத்திலேயே தம்பி போனில் பந்தயம் கட்டத் தொடங்கியிருந்தான். எனக்குத் தெரியும். இங்கே யார்தான் கட்டவில்லை? ஹொக்கி பார்க்க ரிவியைப் போட்டால் இடைவேளைக்கு இடைவேளை பந்தய விளம்பரம்தான். "சும்மா பொழுதுபோக்கு அக்கா, இட்ஸ் நத்திங்" என்றான். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

ஓர் இலையுதிர்காலச் சனிக்கிழமை. அன்றைக்கு எதிரணி புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்தது. இலகுவான ஆட்டம் என்று என் கணவர் சந்தோஷமாக இருந்தார். இடைவேளைக்கு எங்கள் பக்கம் ஒரு கோல் முன்னால். எங்கள் பக்கம் என்று நானே எழுதுகிறேன், பாருங்கள். நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தேன். தம்பி போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"அத்தான், பெரிசாய்ச் சந்தோஷப்படாதையுங்கோ. இவை இண்டைக்குத் தோக்கினம்."

"ஏன் மச்சான்? நல்லாய் விளையாடினம்."

"செக்கண்ட் ஹாஃபிலை மூண்டு விழும். லாஸ்ட் ருவென்ரி மினிற்ஸ். பாருங்கோவன்."

இவர் சிரித்தார். "நீ சாத்திரியோ?"

தம்பியும் சிரித்தான். "பெற்றிங் குறூப்பிலை போட்டிருக்கிறாங்கள். இவங்கள் சொன்னால் பிழை வராது. அத்தான்ரை கிளப் எண்டபடியால்தான் நானும் கவனிச்சனான். போன மாசமும் சொன்னமாதிரியே நடந்தது. இட்ஸ் லைக் ஃப்ரீ மணி."

அவன் அதை எந்த வஞ்சகமும் இல்லாமல் சொன்னான். குடும்பத்துக்குள் ஒரு நல்ல செய்தியைப் பகிர்கிறவன் மாதிரித்தான் சொன்னான்.

ஆட்டம் திரும்பத் தொடங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இடப்பக்கம் நின்ற பெடியன், என் கணவர் நின்ற அதே இடம், தன்னைத் தாண்டி ஓடியவனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். முதல் கோல். இவர் கதிரை நுனிக்கு வந்தார்.

"அவன் ஓடேல்லை" என்றார். "கால் நோவெண்டால் கால் நொந்தமாதிரி நிப்பான். அவன் சும்மா நிக்கிறான்."

இரண்டாவது கோலுக்குக் கோல் கீப்பர் பிந்தி விழுந்தான். மூன்றாவதற்கு விழவே இல்லை. தம்பி வாய்க்குள் "யெஸ்" என்றான். மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் அந்த அறையில் வேறு சத்தம் இருக்கவில்லை.

இவர் எழுந்து போய் லப்ரொப்பின் வயரைக் கழற்றினார். பிறகு தம்பியைப் பார்த்துத் தமிழில், "நீர் வீட்டை போம்" என்றார். அவனை ஒருநாளும் இப்படிப் பிறத்தியானைப் போல "நீர்" என்று சொன்னதில்லை. கலியாணத்துக்கு முன்பிருந்தே "நீ"தான்.

"அத்தான், நான் என்ன செய்தனான்? நான் தோக்கச் சொல்லேல்லையே! நான் கட்டாட்டியும் அவங்கள் தோக்கத்தான் போறாங்கள். கம் ஓன்!"

"போம்."

தம்பி என்னைப் பார்த்தான். நான் இவரைப் பார்த்தேன். அவன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனான்.

அன்று மத்தியானமே இவர் அந்தப் பயிற்றுநரை அழைத்தார். ஜோர்ஜிய மொழி எனக்கு விளங்காது. நான் குசினியில் நின்று குரலை மட்டும் கேட்டேன். முதலில் இவர் கத்தினார். பிறகு மற்றவர் நெடுநேரம் பேசினார், இவர் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் இவர் ஒரு சின்னக் கேள்வி கேட்டார். பதிலும் சின்னதாகத்தான் வந்திருக்க வேண்டும். போனை வைத்துவிட்டு, உடுப்பை மாற்றி வெளியே நடக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை வந்தது, போனது. ரிவி போடவில்லை, ரொட்டியும் சுடவில்லை. நான் கேட்டதற்கெல்லாம் "ஓம்", "இல்லை" என்று மட்டும் பதில். முதல் பனி விழுந்த பிறகு ஒரு பின்னேரம், வேலையால் என்னைக் கூட்டிவந்து, காருக்குள் இருந்தபடியே எனக்குச் சொன்னார்.

பயிற்றுநர் எதையும் மறுக்கவில்லையாம். அந்த முதலாளி கழகத்தை வாங்கியதே இதற்குத்தானாம். வருடத்தில் சில ஆட்டங்களைச் சொன்னபடி தோற்றுக் கொடுக்க வேண்டும், மற்ற ஆட்டங்களை நேர்மையாக விளையாடலாம். நேரடியாகக் காட்டுவதும் பந்தயக்காரர்களுக்காகத்தான். "அவன் இல்லாட்டி பஸ் இல்லை, புல்லு இல்லை, பெடியளும் இல்லை. மாடு கட்டின மைதானம் உனக்கு நல்லாய் இருந்ததோ?" என்று பயிற்றுநர் கேட்டிருக்கிறார்.

"நான் சொன்னன்" என்றார் என் கணவர், "நாங்கள் பசியோடை விளையாடினனாங்கள், ஆனால் விக்கேல்லை எண்டு. அவன் சிரிச்சான். கெட்ட சிரிப்பில்லை, பாவப்பட்டுத்தான் சிரிச்சான். 'அந்தக் கடைசி ஆட்டம் எப்பிடிச் சமநிலையிலை முடிஞ்சது எண்டு நினைக்கிறாய்?' எண்டு கேட்டான்."

தொழிற்சாலையின் களஞ்சியத்தில் மிஞ்சிக் கிடந்த தேயிலை முழுவதும் ஒரு லொறியில் ஏறி எதிரணியின் ஊருக்குப் போயிருந்ததாம். எதிரணிக்கு வென்றாலும் தோற்றாலும் ஒன்றுதான், அவர்கள் பட்டியலின் நடுவில் பாதுகாப்பாக இருந்தார்கள். கோல் கீப்பருக்குத் தெரியும். இன்னும் சிலருக்குத் தெரியும். நடிக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்லவில்லை. என் கணவருக்குச் சொல்லவில்லை.

"கோல் முழுக்கத் திறந்து கிடந்தது" என்றார். "அவன் எங்கையும் அடிச்சிருக்கலாம். ஏன் என்ரை முகத்துக்கு நேரை அடிச்சவன் எண்டு நான் ஒருநாளும் யோசிக்கேல்லை. நான் மறிச்சன் எண்டு நினைச்சன்."

கார்க் கண்ணாடி முழுதும் பனிப்புகார் மூடியிருந்தது. நீங்கள் நின்றீர்கள்தானே, ஓடவில்லையே என்றேன். "நிக்கிறவையள் தேவை எண்டுதான் என்னை நிப்பாட்டினவை" என்றார். பிறகு நாங்கள் இறங்கி உள்ளே போய், முதல்நாள் குழம்பைச் சூடாக்கிச் சாப்பிட்டோம்.

அடுத்த வசந்தத்தில் அங்கே பொலிஸ் வந்தது. முதலாளி அதற்கு முன்பே நாட்டை விட்டுப் போய்விட்டார். பிடிபட்டவர்கள் பெடியள். இடப்பக்கம் நின்ற அந்தப் பெடியனும், கோல் கீப்பரும், இன்னும் சிலரும். இனி ஒருநாளும் விளையாடக் கூடாது என்று தடை. பயிற்றுநருக்கும் தடை. கழகத்தின் பெயரை லீக்கில் இருந்து எடுத்துவிட்டார்கள். ஊரில் இருந்து ஒருவர் அனுப்பிய செய்தியை இவர் எனக்கு வாசித்துக் காட்டி, அந்த இடப்பக்கப் பெடியனுக்கு வயது பத்தொன்பது என்றார். அவனுக்குக் காலில் என்ன சப்பாத்து இருந்தது என்று நான் கேட்கவில்லை.

இவருக்குத் தம்பியோடு பேச்சு இல்லாமலே அந்தக் காலமெல்லாம் போனது. அவன் என்னைத் தனியே அழைப்பான். "சொறி சொல்லுறன் அக்கா, ஆனால் எதுக்கு எண்டு சொல்லுங்கோ" என்பான். எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவன் ஆட்டத்தை விற்கவில்லை. விற்றது யாரென்று அவனுக்குத் தெரியாது. ஆனால் இவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, இவர் சுட்ட ரொட்டியைத் தின்றுகொண்டு, இவருடைய ஊர் தோற்பதற்காகக் காத்திருந்தான். அதை அவனுக்கு விளங்கப்படுத்தப் போனால், "கேம்தானே அக்கா" என்பான். இரண்டு தரம் அப்படிச் சொன்னான். மூன்றாம் தரம் நான் போனை எடுக்கவில்லை.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. வயதும் போய்விட்டது. "ஒரு பந்துக்காகவே ரண்டு வீடும் கதைக்காமல் இருக்கிறியள்? கொப்பர் செத்தபிறகு எங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்று அழுதார். தம்பியின் புதுவீட்டுக் குடிபுகுதலுக்கு இவரையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று கையைப் பிடித்துக் கேட்டார். இவர் அம்மாவுக்காக வந்தார். கோட் போட்டு, ஒரு பூச்சாடியும் வாங்கிக்கொண்டு வந்தார்.

மல்வேர்னுக்கு வடக்கே பெரிய வீடு. மாமாமார் எல்லாரும் வந்திருந்தார்கள். எங்கள் கலியாணத்துக்கு வராதவர்கள் இப்போது இவருக்குக் கை கொடுத்து, "தம்பி, எப்பிடி வேலையள்?" என்று கேட்டார்கள். என் தம்பி வாசலில் நின்று "வாங்கோ அத்தான்" என்றான். இவர், "நல்ல வீடு" என்றார். அம்மா அவ்வளவிலேயே முகம் மலர்ந்து, எல்லாம் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆண்கள் கீழ்த்தளத்தில் ரிவிக்கு முன்னால் இருந்தார்கள். ஏதோ ஓர் ஐரோப்பிய ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நான் பாயாசம் கொண்டு இறங்கினேன். மாமா ஒருவர் இவரிடம், "உமக்குத்தானே உது தெரியும், ஆர் வெல்லுவினம் எண்டு சொல்லும்" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். தம்பி மட்டும் சிரிக்கவில்லை, நிலத்தைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாது அங்கிள்" என்றார் என் கணவர். "நான் விளையாடினனான். எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

அவர்களுக்கு அது விளங்கவில்லை. இவருடைய தமிழ் தவறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். இவர் என் கையில் இருந்த பாயாசக் கோப்பை ஒன்றை எடுத்துக்கொண்டு மேலே ஏறிப் போய், குசினியில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து குடித்தார். நான் மற்றக் கோப்பைகளைக் கொடுத்து முடித்தேன். தம்பிக்கு நீட்டியபோது, "அத்தான் கோவமே இன்னும்?" என்று மெல்லக் கேட்டான்.

"கோவம் இல்லை" என்றேன். உண்மைதான். கோபம் இருந்தால் ஒருநாள் ஆறும்.